தறி ஓடும் வீட்டில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்... குறைந்த செலவில் வாய்ஸ் லேப் அமைப்பது எப்படி?

வரதராஜப் பெருமாள் கோயில் மதிலைத் தாண்டி சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களுக்குள் நடந்தால், சில வீடுகளிலிருந்து இன்னமும் தறிச் சத்தம் கேட்கும். அந்த வீடுகளில் கூடத்தின் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொள்ளும். டிவி, பீரோ, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மிச்சப் பாதியில்தான். அப்படியொரு வீட்டில் டிப்ளமோ இசிஇ முடித்த மகளோ மகனோ, நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட் எடுக்க வேண்டும், வாய்ஸ் பயிற்சிக்கு நாலு ஐபி போனும் ஒரு ரவுட்டரும் வாங்க வேண்டும் என்று வந்து நின்றால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? 'எவ்வளவு ஆகும்?'

நியாயமான கேள்வி. ஒரு பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்கப் பல நாள்கள் பிடிக்கும். கோர்வை போட்டு நெய்வதென்றால் பக்கத்தில் கைக்கு உதவியாக இன்னோர் ஆளும் உட்கார வேண்டும். அந்தக் கூலியிலிருந்து எடுத்துவைத்த பணம், எதற்கும் உதவாத ஓர் இரும்புப் பெட்டியாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடக் கூடாது. வாய்ஸ் லேப் விஷயத்தில் அந்த ஆபத்து நிறையவே உண்டு.

இல்லாத தேர்வுக்கு எதற்குப் பெட்டி?

பழைய கருவிகள் விற்கும் இடங்களில் 'சிசிஎன்ஏ வாய்ஸ் கிட்' என்று ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், இரண்டு போன்களைக் கட்டாகக் கட்டி விற்பதுண்டு. பெயரைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். ஆனால், சிசிஎன்ஏ வாய்ஸ் என்ற தேர்வே இப்போது கிடையாது. அதன் இடத்துக்கு வந்த சிசிஎன்ஏ கொலாபரேஷனையும் 2020 பிப்ரவரி 24-ம் தேதியோடு சிஸ்கோ நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது பொதுவான சிசிஎன்ஏ. 200-301 என்பது அதன் எண். அதில் வாய்ஸ் பகுதி மிகக் குறைவு. ஐபி போனுக்கான வாய்ஸ் விலேன், போனுக்கு மின்சாரம் தரும் பிஓஇ, குரலுக்கு முன்னுரிமை தரும் க்யூஓஎஸ் ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தால் போதும். இதற்காக ஒரு போன்கூட வாங்கத் தேவையில்லை.

வாய்ஸையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கானது சிசிஎன்பி கொலாபரேஷன். 350-801 என்ற மையத் தேர்வு ஒன்று, கூடவே ஒரு சிறப்புத் தேர்வு. மையத் தேர்வுக்கு 400 டாலர், சிறப்புத் தேர்வுக்கு 300 டாலர், வரி தனி. சிசிஎன்ஏவுக்கும் 300 டாலர். அதாவது ஒரு சிசிஎன்ஏ எழுதவே வரியோடு 30,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகிவிடும். லேப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை இந்தத் தொகையைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். பெட்டிகள் வாங்கித் தீர்ந்தபிறகு தேர்வுக் கட்டணத்துக்குக் கையைப் பிசைவதில் அர்த்தமில்லை.

முதல் மாதம்... பைசா செலவில்லை!

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் ஒரு கணக்கைத் தொடங்கினால் 'பாக்கெட் டிரேசர்' மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். அதில் 2811 ரவுட்டரும் 7960 ஐபி போனும் இருக்கின்றன. ரவுட்டரையே சிறிய எக்ஸ்சேஞ்சாக மாற்றும் 'டெலிபோனி சர்வீஸ்' கட்டளைகளை அதிலேயே போட்டுப் பார்க்கலாம். போனுக்கு எண் கொடுக்கலாம், டயல் செய்யலாம், அந்தப் பக்கம் மணி அடிக்கும். புதியவர்கள் பலர் இதில் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. படத்தில் இருக்கும் போனுக்கும் பவர் அடாப்டரை இழுத்துச் செருகினால்தான் அது உயிர்பெறும்!

அடுத்தது ஆஸ்டரிஸ்க். இதன் கதையே நம் கதை மாதிரிதான். 1999-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், லினக்ஸ் உதவிச் சேவை தரும் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கையாள அவருக்கு ஒரு பிபிஎக்ஸ் தேவைப்பட்டது. விலை கட்டுப்படியாகவில்லை. தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஆஸ்டரிஸ்க். இன்றும் இலவசம். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப்பிலோ, உள்ளங்கை அகல ராஸ்பெரி பை போர்டிலோ இதை நிறுவிவிடலாம்.

போன்? வீட்டிலிருக்கும் இரண்டு ஸ்மார்ட்போன்களில் லின்ஃபோன் அல்லது ஸோய்ப்பர் ஆப்பைப் போட்டு, ஒன்றுக்கு 101, இன்னொன்றுக்கு 102 என்று எண் கொடுங்கள். கூடத்திலிருந்து மாடிக்குப் பேசலாம். இன்டர்நெட் ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் பேசலாம், ஏனென்றால் அழைப்பு வீட்டு வைஃபையைத் தாண்டி வெளியே போவதே இல்லை.

இந்த அழைப்பை வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் பிடித்துப் பார்ப்பதுதான் உண்மையான பாடம். ஜி.711 முறையில் குரல் ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். பெருக்கினால் 64 கிலோபிட். இதை நொடிக்கு 50 பாக்கெட்டுகளாகக் கட்டி அனுப்பும்போது, ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரிச் சுமை. ஆக, வழியில் 80 கிலோபிட் ஆகிவிடுகிறது. ஜி.729-ல் குரல் வெறும் 20 பைட்தான், முகவரிச் சுமை அதே 40 பைட். பொருளைவிடப் பார்சல் கனம். மொத்தம் 24 கிலோபிட்.

இதைத் தெரிந்துகொண்டு லினக்ஸில் இணைப்பை 128 கிலோபிட்டாக இறுக்கிப் பிடித்து, ஜி.711-ல் ஓர் அழைப்பு போடுங்கள். தெளிவாக இருக்கும். இரண்டாவது அழைப்பைச் சேர்த்ததும், புதிதாக வந்தவர் மட்டுமல்ல, முதலில் பேசிக்கொண்டிருந்தவரின் குரலும் சேர்ந்தே உடையும். 'இடமில்லை' என்று இரண்டாவது அழைப்பை வாசலிலேயே நிறுத்த ஏன் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது, புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

தறிச் சத்தத்துக்குக்கூட இங்கே வேலை உண்டு. பேச்சில்லாத நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதிக்கு விஏடி என்று பெயர். சத்தமில்லாத அறையில் அது ஒழுங்காக மிச்சம் பிடிக்கும். ஓடும் தறிக்குப் பக்கத்தில் போனை வைத்தால், நாடா அடிக்கும் சத்தத்தையும் பேச்சென்று நினைத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பெங்களூரில் கண்ணாடி அறைக்குள் இருக்கும் லேப்பில் இந்தப் பாடம் கிடைக்காது.

எப்போது பணத்தை வெளியே எடுக்கலாம்?

மென்பொருளால் கற்றுத்தர முடியாதவை சில உண்டு. போனுக்குக் கேபிள் வழியே மின்சாரம் ஏறுவது, போன் தன் செட்டிங் ஃபைலைத் தேடிப்போவது, பழைய செம்புக் கம்பி போனும் ஐபி உலகமும் சந்திக்கும் இடம். இந்த மூன்றுக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

சின்ன காஞ்சியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஆன்லைனிலும் பழைய கருவிகள் கிடைக்கின்றன. எங்கே வாங்கினாலும் மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சிஸ்கோ 7940, 7960 போன்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவை சிஸ்கோவின் பழைய பாணி மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். இன்றைய பொதுவான 802.3ஏஎஃப் பிஓஇ சுவிட்சில் செருகினால் உயிர்வராது. தனியாக 48 வோல்ட் அடாப்டர் தேட வேண்டும். அதன் விலையையும் சேர்த்தால் மலிவு எங்கே? 7942, 7962 வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. வாங்கியதும் '#' பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, விளக்குகள் வரிசையாக மின்னத் தொடங்கியதும் 123456789*0# என்று அழுத்தினால், பழைய முதலாளி போட்டுவைத்த செட்டிங் அழிந்துவிடும். இதைக் கடையிலேயே செய்து பார்த்துவிடுவது நல்லது. ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

புதிய மாடல்களில் வேறொரு பொறி. 7841, 8841 போன்ற சிஸ்கோ போன்கள் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயர் ஒட்டில் '3பிசிசி' என்று இருந்தால் ஆஸ்டரிஸ்க் போன்ற பிற எக்ஸ்சேஞ்சுகளோடு பேசும். இல்லாவிட்டால் சிஸ்கோவின் சொந்த எக்ஸ்சேஞ்சுகளுக்கானது. ஒன்றை இன்னொன்றாக மாற்ற லைசென்ஸ் வேண்டும். சிஸ்கோதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க், ஃபேன்வில் நிறுவனங்களின் சாதாரண எஸ்ஐபி போனே போதும், மண்டையிடி குறைவு.

நான்கு போன் தேவையா? தேவையில்லை. இரண்டு நிஜ போன், மூன்றாவதற்கு மொபைல் ஆப். கால் டிரான்ஸ்ஃபர், கான்ஃபரன்ஸ் எல்லாவற்றுக்கும் மூன்று முனை போதும்.

ரவுட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். சிஸ்கோ 2811 ரவுட்டர் பழையது, தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வாய்ஸ் கேட்வே பாடத்துக்கு இன்றும் உதவும். அது வேலை செய்ய மூன்று பொருள்கள் உள்ளே இருக்க வேண்டும். வாய்ஸ் வசதியுள்ள ஐஓஎஸ் மென்பொருள், எஃப்எக்ஸ்எஸ் அல்லது எஃப்எக்ஸ்ஓ கார்டு, பிவிடிஎம்2 என்ற சிறிய டிஎஸ்பி அட்டை.

கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் கழற்றித் தனியாக விற்றிருப்பார்கள். வெளியே கார்டு செருகியிருக்கும், பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு ஐபி போன்களை இணைத்தால் பேசவும் செய்யும், ஏனென்றால் ஐபி போன்கள் இரண்டும் தங்களுக்குள் நேரடியாகக் குரலைப் பரிமாறிக்கொள்கின்றன. அங்கே டிஎஸ்பிக்கு வேலையில்லை. பழைய சாதாரண போனைக் கார்டில் செருகும் அன்றுதான் குட்டு வெளிப்படும். மதர்போர்டில் பிவிடிஎம்2 இல்லாமல் அந்தக் கார்டு வெறும் ஓட்டையடைப்புதான். பிவிடிஎம்2-16 ஒன்று இருந்தால் ஜி.711-ல் 16 அழைப்பு, கணக்குக் கூடுதலாகப் போடவேண்டிய கோடெக் என்றால் 6 அழைப்பு. வீட்டுக்கு அது தாராளம். கடைக்காரரிடம் ரவுட்டரை ஆன் செய்யச் சொல்லி 'ஷோ வெர்ஷன்', 'ஷோ இன்வென்டரி' என்ற இரண்டு கட்டளைகளைப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையான 2901, 2911 வாங்கினால் வாய்ஸுக்கான யூசி லைசென்ஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ குழப்பம் எல்லோருக்கும் வரும். சுவரிலிருந்து வரும் லேண்ட்லைன் சாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டயல் டோன் தருவது, மணியடிக்க மின்சாரம் அனுப்புவது அதன் வேலை, அதுதான் எஃப்எக்ஸ்எஸ். அதை வாங்கிக்கொள்ளும் போனின் பக்கம் எஃப்எக்ஸ்ஓ. தருபவரையும் தருபவரையும் இணைத்தால் எதுவும் நடக்காது, கார்டு கெடவும் வாய்ப்புண்டு. ரவுட்டர் வாங்க மனமில்லாதவர்கள் கிராண்ட்ஸ்ட்ரீமின் ஹெச்டி813 போன்ற சிறு பெட்டியைப் பார்க்கலாம், இரண்டு வகைக்கும் ஒவ்வொரு துளை அதிலேயே இருக்கிறது. தேர்வுக்கு சிஸ்கோ கட்டளை தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும்தான் ரவுட்டர். மற்றபடி இந்தப் பெட்டியே பல வீடுகளுக்குப் போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய சரக்கில் இன்னும் இரண்டு சிக்கல். அங்கே ஏதோ ஒரு சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்து, வேறு எங்கும் வேலை செய்யாதபடி பூட்டிவைத்த அடாப்டர்கள் இங்கே வந்து விற்பனைக்குக் கிடக்கும். மலிவு என்று வாங்கிவிட்டுத் திறக்க வழி தேடி அலைவார்கள். இன்னொன்று, 110 வோல்ட்டுக்கு மட்டுமான சிறு பவர் அடாப்டர். நம்மூர் 230 வோல்ட்டில் செருகிய மறுநொடி புகை. பின்பக்கம் '100-240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

டிரங்க் லைன் கார்டு வாங்குபவர்கள் கவனிக்க: அமெரிக்கப் புத்தகங்கள் டி1 பற்றியே பேசும், இந்தியாவில் பயன்பாட்டில் இருப்பது இ1. குரலுக்கு 30 சேனல், சிக்னலுக்கு ஒன்று. விடபிள்யூஐசி2 வகைக் கார்டு இரண்டையும் செய்யும். 'டி1' மட்டும் செய்யும் பழைய கார்டைத் தவிர்த்துவிடலாம். ரவுட்டரின் வாய்ஸ் போர்ட்டில் 'சிபிடோன் ஐஎன்' என்று கொடுத்தால் நம்மூர் டயல் டோனே காதில் விழும். சின்ன விஷயம்தான், ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கும்போது ஒரு சந்தோஷம்.

வெயில், தூசி, கரன்ட் பில்

2800 வரிசை ரவுட்டர்களுக்கு சிஸ்கோ சொல்லும் வெப்ப வரம்பு 40 டிகிரி. காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டுப் பரணில் அதை ஏற்றிவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்திலேயே இந்தப் பிரச்னையை யோசித்தவர்கள் உண்டு. 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், கிராமங்களுக்கென 128 போர்ட் எக்ஸ்சேஞ்சை ஏசி இல்லாமலே இயங்கும்படி வடிவமைத்தது. இறக்குமதிப் பெட்டிகளுக்கு அந்தக் கருணை கிடையாது. தறியிலிருந்து பறக்கும் நூல் தும்பு ஃபேனுக்குள் போய் அடைத்துக்கொள்ளாதபடி, ரவுட்டரைத் தறியைவிட்டுத் தள்ளி, ஜன்னலோரமாக வையுங்கள். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

50 வாட் இழுக்கும் ஒரு பெட்டியை இரவு பகலாக ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் தமிழக அரசு 300 யூனிட்டாக உயர்த்தியது. அதில் கிட்டத்தட்ட கால்பங்கை லேப் தின்றுவிட்டால் வீட்டில் கேள்வி வரத்தான் செய்யும். படிக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் ஆன் செய்தால் அதே கணக்கு 6 யூனிட்டில் முடிந்துவிடும்.

வீட்டு லைனோடு விளையாட வேண்டாம்!

லேப் ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை, இதை நிஜ டெலிபோன் லைனில் இணைத்துப் பார்ப்பது. ஃபைபர் இணைப்புப் பெட்டியின் பின்னால் போன் துளை வேறு இருக்கிறது. இங்கே நிதானம் வேண்டும். சொந்த லேண்ட்லைனைச் சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஒரு குட்டி எக்ஸ்சேஞ்சில் இணைப்பது ஒன்று. இணையத்தில் வரும் பிறருடைய அழைப்புகளை வாங்கி உள்ளூர் எண்களுக்குத் தள்ளிவிடுவது முற்றிலும் வேறு. 'பெட்டியை ஆன் செய்து வைத்திருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்' என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம்.

தெரியாமல் வரும் ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து பேசிப் பார்க்கலாமே என்று ஆஸ்டரிஸ்க்கின் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்திலேயே எங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து பாஸ்வேர்டைத் தட்டத் தொடங்கும். 101 என்ற எண்ணுக்கு 101 என்றே பாஸ்வேர்ட் வைத்திருந்தால், லேண்ட்லைன் பில்லில் அயல்நாட்டு அழைப்புகள் வந்து நிற்கும்.

பயிற்சிக்கு நிஜ லைன் தேவையே இல்லை. இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது ஆஸ்டரிஸ்க்கைப் போட்டு, அதை 'ஊர் எக்ஸ்சேஞ்ச்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரவுட்டர் கிடைத்தால், இ1 கார்டுகளை ஒன்றோடொன்று கிராஸ் கேபிளில் கட்டலாம். ஒரு முனையின் 1, 2 பின்கள் மறுமுனையின் 4, 5-க்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கத்தை நெட்வொர்க் ஆகவும் மறுபக்கத்தை யூசர் ஆகவும் அமைத்துவிட்டால், காசு கொடுத்து வாங்கும் பிஆர்ஐ லைனில் நடப்பதெல்லாம் அந்த ஒரு மீட்டர் கம்பிக்குள் நடக்கும்.

சிசிஎன்பி வரை போகிறவர்களுக்கு சிஸ்கோவின் பெரிய எக்ஸ்சேஞ்சான சியூசிஎம் தேவைப்படும். அதைத் தாங்கும் சர்வரை வீட்டுக்கு வாங்குவது, உண்மையைச் சொன்னால், தேவையில்லாத செலவு. சிஸ்கோவின் டெவ்நெட் சாண்ட்பாக்ஸில் முன்பதிவு செய்து இலவசமாகப் பயிற்சி எடுக்கும் லேப்கள் இருக்கின்றன. பட்டியல் அவ்வப்போது மாறும், கொலாபரேஷன் லேப் இருக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். அலுவலகங்கள் மேசை போனை விட்டு டீம்ஸ், வெப்எக்ஸ் என்று நகர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. மேசையில் போன் குறையலாம். ஆனால் எஸ்ஐபி, கோடெக், டயல் பிளான், கேட்வே எல்லாம் அங்கேயும் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே பணத்தைப் போனில் போடுவதைவிட, நேரத்தை வயர்ஷார்க்கில் போடுவது லாபம்.

தேர்வு முடிந்ததும் இந்தப் பெட்டிகளை அடுத்து படிக்க வருபவருக்கு விற்றுவிடலாம். போட்ட காசில் ஒரு பகுதி திரும்பும். விற்பதற்கு முன் ரவுட்டரில் 'ரைட் இரேஸ்' கொடுத்து ரீலோடு செய்யுங்கள், போன்களை மறுபடி ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ராஸ்பெரி பையின் மெமரி கார்டை மட்டும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள்தான் இருக்கிறது.